தூக்கிய வீடும் தொடாத கடைக்காலும்

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் சென்னையில் இப்போது முதலில் வரும் யோசனை, ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்பதுதான். இடித்துக் கட்டுவதைவிடச் செலவு மிகக் குறைவு; மறுப்பதற்கில்லை. சுவரடியைத் துண்டு துண்டாக உடைத்து, இரும்புச் சேனல் செருகி, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே அளவாகத் திருகி ஏற்றும் வடமாநிலத் தொழிலாளர்களின் கைத்திறனும் பெரிது.

ஆனால் தூக்கப்படுவது வீடுதான். பழைய செங்கல் கடைக்கால் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நாலடி உயர்த்தினால் ஒன்பது அங்குலச் சுவரில் மீட்டருக்குச் சுமார் 500 கிலோ புதுக் கட்டுமானம் அதன் தலையில் ஏறுகிறது. அதையாவது தாங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். உயர்ந்த தரைக்கடியில் கொட்டும் மண்? நாலடி கிராவல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன். குடியிருப்பு அறையில் ஆட்களும் சாமான்களும் தரும் சுமையாக இந்தியத் தர நிர்ணயம் கொள்வதோ 200 கிலோ. வேளச்சேரி போன்ற சதுப்பையொட்டிய களிமண்ணில் அதைப்போல் பத்து மடங்கைக் கொட்டினால் நிலம் மெல்ல அமுங்கும். கடைக்காலும் கூடவே இறங்கும், அதுவும் எல்லா மூலையிலும் ஒரே அளவாக இறங்காது. போதாததற்கு அந்த மண் மழையில் ஊறிப் பேஸ்மட்டச் சுவரை வெளியே தள்ளும். மேலிருந்து இறங்கும் சுமையைத் தாங்கவே கட்டிய ஒன்பது அங்குலச் சுவர், பக்கவாட்டில் நெட்டும் மண்ணைத் தடுக்கக் கட்டியதல்ல.

தூக்கிய வீடுகள் எத்தனையோ நன்றாகத்தானே நிற்கின்றன என்பார்கள். ஆனால் களிமண் அமுங்குவது அதிலிருந்து நீர் பிழிந்து வெளியேறும்போதுதான்; அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். தூக்கிய அன்று விரிசல் இல்லை என்பது ஜாக்கிக்குத் தரும் நற்சான்று, நிலத்துக்கு அல்ல. கான்கிரீட் பெல்ட் போடுகிறோமே என்பது அடுத்த பதில். பெல்ட் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். அடிமண்ணின் பலத்தை அது ஓர் இம்மியும் கூட்டாது.

இத்தனைக்கும் மாற்று எளிது. மண் கொட்டாமல் தரையைக் கான்கிரீட் ஸ்லாபாகப் போட்டு அடியை வெற்றிடமாக விடலாம். ஸ்லாபின் எடை கிராவலில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அந்த எடை முழுதும் சுவர் வழியாகக் கடைக்காலுக்கே போவதால், நாலு மூலையிலும் குழி தோண்டிக் கடைக்காலின் அகலம், ஆழம், செங்கல் நிலை, அடிமண் எல்லாவற்றையும் பொறியாளர் பார்த்தாக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் கூலியில் அந்தக் குழிக்கு இடமில்லை.