குளிர் ஊட்டும் குதிரைத்திறன்

சூப்பர்சார்ஜர் பொருத்திய காரைக் கோடையில் மட்டும் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஜனவரி மாதத்து ஐரோப்பாவில், முன்கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால்தான் அந்த வண்டியின் குணம் தெரியும்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.16 கிலோ. மைனஸ் 10 டிகிரியில் 1.34 கிலோ. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்து சுழலும் சூப்பர்சார்ஜர் ஒரு துருத்திதான். சுற்றுக்கு இத்தனை என்று காற்றை அள்ளித் தள்ளும். அள்ளுவது கனத்த காற்றானால் எஞ்சினுக்கு ஆக்ஸிஜன் விருந்து. 2006 வரை விற்ற மினி கூப்பர் எஸ், அதாவது ஆர்53, இதற்கு நல்ல சாட்சி. அள்ளிய காற்றைக் குளிர்விக்கும் அதன் இன்டர்கூலர் கொதிக்கும் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. கோடை நெரிசலில் நின்று நின்று போனால் அது சூடேறி, வண்டி சோம்பிவிடும். குளிர்காலத்தில் பானட்டின் வாய் வழியே பனிக்காற்று பாய, அதே 1.6 லிட்டர் எஞ்சின் வேறொரு பிறவி எடுக்கிறது.

ஆனால் காலையில் அதை எழுப்பப் பொறுமை வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருக்கும். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் உறும விடுவது பழைய பழக்கம், எரிபொருளுக்குத்தான் கேடு. அரை நிமிடம் போதும், மெல்லக் கிளம்பிவிடலாம். முதல் சில கிலோமீட்டருக்கு 3,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும். தண்ணீரின் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று துள்ளக் கூடாது. எண்ணெய் அதற்குப் பிறகுதான் சூடாகும். ஆர்53-இல் தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் சூப்பர்சார்ஜரின் பற்சக்கரங்களே. அவற்றுக்குத் தனி எண்ணெய். அவசரக்காரனுக்கு இது தோதான வண்டி அல்ல.

சூடேறிய பிறகு சூப்பர்சார்ஜரின் அந்தச் சத்தம்! மெல்லிய ஊளையாகத் தொடங்கி, சுற்று ஏற ஏறக் கூர்மையாகிறது. புதுப்பனி மற்ற ஓசைகளை உறிஞ்சிக்கொள்வதால், ஆளரவமற்ற சாலையில் அது ஒன்று மட்டுமே கேட்கும். கோடையில் இவ்வளவு சுத்தமாக அதைக் கேட்க முடியாது.

குளிர் வலிமையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, அதைச் செலவழிக்கும் தரையைப் பிடுங்கிக்கொள்கிறது. 7 டிகிரிக்குக் கீழே கோடை டயர் இறுகிவிடும். குளிர்கால டயர் இல்லாமல் கிளம்புவது முட்டாள்தனம். பனியில் இரண்டாம் கியரிலேயே நகர்த்துவது நல்லது. எஞ்சினின் புகையால் சுழலும் டர்போ ஒரு கணம் யோசித்துவிட்டுத் திடீரென்று தள்ளும். வளைவின் நடுவே அந்தத் தள்ளல் வந்தால் வண்டி பள்ளத்தில். சூப்பர்சார்ஜர் கால் கேட்டதைக் கேட்டபடி, கேட்ட அளவுக்குத் தருகிறது. ஆக்சிலரேட்டரில் ஒரு நகக்கண் அளவு வித்தியாசத்தைக்கூடச் சக்கரம் உணரும். பனியில் இதைவிடப் பெரிய வரம் எனக்குத் தெரியவில்லை.

இத்தாலியர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1983 மான்டே கார்லோ ராலியில், நான்கு சக்கரமும் இழுக்கும் ஆடி குவாட்ரோக்களுக்கு எதிராக, பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும் லான்சியா 037-ஐ இறக்கினார்கள். அதில் பந்தயப் பிரிவான அபார்த்தின் சூப்பர்சார்ஜர். வால்டர் ரோர்ல் முதலிடம், மார்க்கு ஆலென் இரண்டாமிடம், ஆடிகள் பின்னால். அவ்வருடம் சாலைகள் பெரும்பாலும் காய்ந்திருந்தன என்பதையும், டயர் விஷயத்தில் அணித்தலைவர் சேசரே ஃபியோரியோ மகா தந்திரசாலி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், காய்ந்த தாரிலிருந்து திடீரென்று பளிங்குப் பனிக்குள் நுழையும் வளைவில், கால் சொன்னபடி கேட்கும் எஞ்சின் இல்லாமல் ரோர்லாலும் பிழைத்திருக்க முடியாது. அந்த ஆண்டின் உற்பத்தியாளர் பட்டமும் லான்சியாவுக்கே. அதன் பிறகு இருசக்கர இயக்கக் கார் எதுவும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

அடுத்து வந்த லான்சியா டெல்டா எஸ்4-இல் நான்கு சக்கர இயக்கமும் வந்தது, டர்போவும் வந்தது. சூப்பர்சார்ஜரை மட்டும் கழற்றிப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. டர்போ விழித்தெழும் வரை கீழ்ச்சுற்றுகளில் அதுதான் காற்றூதியது. 1986 ஜனவரியில் ஹென்றி டோய்வொனென் அதே மான்டே கார்லோவை அந்தக் காரில்தான் வென்றார்.