கற்பிட்டிக் கரையில் ‘கோடி’: டிவி அட்டவணை வெறுமையானால்

ராஸ்பெரி பை 4, அதில் லிப்ரெலெக் இயங்குதளம், யூ.எஸ்.பி.யில் ஒரு செய்மதி டியூனர், கூரையில் 93.5 பாகை கிழக்கை நோக்கிய டிஷ். கற்பிட்டியில் நான் சோதித்துப் பார்த்த வீட்டு மீடியா சென்டர் இவ்வளவுதான். டிடி ஃப்ரீ டிஷ் அலைவரிசைகளை ‘டிவிஹெட்எண்ட்’ பிடித்துக் கொடுக்கிறது, ‘கோடி’ அவற்றைத் திரையில் காட்டுகிறது. 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று அறியப்பட்ட அதே மென்பொருள்தான் கோடி. டிவிஹெட்எண்ட், கோடி இரண்டுமே இலவசம்.

படம், ஒலி, பதிவு மூன்றிலும் குறையில்லை. நம் கரையில் இந்த ஏற்பாடு சறுக்குவது ஓரிடத்தில்தான்: கரண்ட் போய் வந்தபின் நிகழ்ச்சி அட்டவணை வெறுமையாகிவிடும். அலைவரிசைகள் வழக்கம்போல ஓடும். அடுத்து என்ன வரும் என்பது மட்டும் தெரியாது. அட்டவணையை நம்பித் தொடர்களைத் தானாகப் பதியச் சொல்லியிருந்தால், அந்தப் பதிவுகளும் நடக்காது.

900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே கற்பிட்டிக் குடாநாட்டில் இருப்பதால் மட்டும் மின்தடையிலிருந்து நமக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின்நிலையக் கோளாறால் நாடே இருண்டபோது, நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றுபோயின. பெரிய இருட்டடிப்புத்தான் வேண்டுமென்றில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு நொடி மின்சாரம் விட்டு வந்தாலே போதும். அந்த நொடியில் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துவிடும். கோடி பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளம் இத்தகைய வெட்டுகளைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் மலிவான கார்டுகள் சில, எழுதி முடிக்கும் முன்பே “எழுதியாயிற்று” என்று சொல்லிவிடுகின்றன. அப்போது எந்தத் தரவுத்தளமும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும், அட்டவணை போனவுடன் தரவுத்தளம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்தே நேரம் எடுக்கிறது. ரவுட்டர் எழுவதற்கு முன் பை எழுந்துவிட்டால், பழைய நேரத்திலேயே நின்று அட்டவணையைத் தவறான இடத்தில் திறக்கும். நேரம் சரியானதும் தானே சீராகும்.

நேரம் சரியாக இருந்தும் வெறுமையென்றால், எந்தப் பக்கம் பழுது என்று பிரித்தறிய வேண்டும். உலாவியில் பையின் முகவரியோடு 9981 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்து டிவிஹெட்எண்டைத் திறந்து, அங்குள்ள அட்டவணையைப் பாருங்கள். அங்கே நிகழ்ச்சிகள் நிறைந்திருந்தால் பழுது கோடியில். அங்கும் வெறுமையென்றால் டிவிஹெட்எண்டின் சேமிப்புக் கோப்பில், அல்லது சிக்னலில். உப்புக் காற்றில் துருப்பிடித்த கேபிள் முனையும் இதே அறிகுறியைத்தான் காட்டும். ஆகவே கூரையேறி அதையும் ஒருமுறை பாருங்கள்.

கோடியின் பழுதுக்கு, லைவ் டிவி அமைப்புகளில் வழிகாட்டிப் பகுதிக்குப் போய், அங்குள்ள ‘தரவை அழி’ என்பதை அழுத்தினால் போதும். அதற்கும் மசியாவிட்டால் கோடியை நிறுத்திவிட்டு, தரவுத்தளக் கோப்புறையில் ‘இபிஜி’ என்று தொடங்கும் கோப்பின் பெயரை மாற்றுங்கள். அடுத்த முறை எழும்போது புதிதாக ஒன்றை உருவாக்கி நிரப்பிக்கொள்ளும். அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வது, தவறான கோப்பில் கை வைத்துவிட்டால் திரும்பப் பெறுவதற்காக. பக்கத்திலேயே ‘டிவி’ என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அலைவரிசைகளை நீங்கள் அடுக்கிய வரிசையும் குழுக்களும் அதில்தான். ‘மைவீடியோஸ்’ கோப்பில் வீட்டுப் படங்களின் பட்டியலும், எதைப் பார்த்தோம் என்ற குறிப்பும் இருக்கின்றன. முழுக் கோப்புறையையும் அழித்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் இந்த உழைப்பையெல்லாம் சேர்த்துக் கொட்டச் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். அட்டவணை ஒன்றுதான் வானிலிருந்து திரும்பக் கிடைக்கக்கூடியது; அதை மீட்கப் பாடுபடவும் தேவையில்லை.

டிவிஹெட்எண்ட் பக்கப் பழுதென்றால், அதை நிறுத்தி அதன் அட்டவணைக் கோப்பை ஒதுக்கிவைத்து, மறுபடி தொடங்கி, ஒளிபரப்பிலிருந்து விவரம் எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். நிரம்பச் சிறிது நேரமாகும். அவசரப்பட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

இந்த மென்பொருளில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. தரவுத்தளம் கெட்டிருந்தால் கோடி அதைப் பதிவேட்டுக் கோப்பில் எழுதி வைக்கிறதே தவிர, திரையில் தெளிவாகச் சொல்வதில்லை. வீட்டில் ரிமோட் பிடிப்பவர் பதிவேட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

மெமரி கார்டை விட்டு யூ.எஸ்.பி. எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பை 4க்கு வேண்டிய 5 வோல்ட், 3 ஆம்பியரைத் தாங்கும் சிறு யூபிஎஸ் ஒன்றையும், முடிந்தால் ரவுட்டருக்கு இன்னொன்றையும் வையுங்கள். இந்தச் செலவுக்குத் தயாரென்றால், புத்தளம் கரையில் இந்த ஏற்பாட்டை வாங்க நம்பிச் சொல்வேன். யூபிஎஸ் இல்லாமல் வைக்கப் போகிறவர்களுக்குச் சாதாரண செட் டாப் பெட்டியே மேல்.