வெடிக்கும் வெள்ளரிப்பழம்

வீரசோழன் ஊர்ப்பக்கத்து வெள்ளரிப்பழம் பழுத்தால் தானாகவே வெடிக்கும். தோல் பாளம் பாளமாகப் பிரிய, மாவுச் சதை வெளியே தெரியும். இனிப்பு குறைவு, நாட்டுச் சர்க்கரை தூவித்தான் தின்ன வேண்டும். ஆனால் மணம்!

முலாம்பழத்தின் உறவான இந்த இனத்தின் அருமை முலாம்பழ ஆய்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும். 1920களில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் இலைகளில் வெள்ளையாகப் படர்ந்து முலாம் கொடிகளைக் கருக்கியது சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய். இந்திய முலாம் விதையிலிருந்து எதிர்ப்புத் திறனை எடுத்து உருவாக்கிய ‘பி.எம்.ஆர். 45’ என்ற முலாம் ரகம் 1936-இல் வந்தது. இரண்டே வருடத்தில் பூஞ்சையின் புது வகை அதையும் தாக்க, மறுபடியும் இந்திய விதைகளே கைகொடுத்தன. பின்னாளில் பெயர்பெற்ற ‘பி.ஐ. 414723’ என்ற விதை நம் வெடிவெள்ளரி இனமேதான். சாம்பல் நோயோடு அசுவினியையும் தாங்கும்.

இந்த எதிர்ப்புத் திறனை முலாமுக்குக் கொண்டுவரும் வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆண்பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவ வேண்டும். பிறக்கும் செடிகளில் நோய் தாங்குபவற்றை மட்டும் பொறுக்கி, இனிப்பு திரும்பும்வரை தலைமுறை தலைமுறையாக முலாமோடு சேர்க்க வேண்டும்.