கழலத் தெரிந்த கால்

2021 ஜூலை 27, ஜப்பானின் இஸு. டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கிராஸ் கன்ட்ரி மவுண்டன் பைக் போட்டி. முந்தைய நாள் ஆண்கள் ஓட்டியபோது காய்ந்திருந்த அதே தடம், மழைக்குப் பிறகு ஆளே மாறிப்போயிருந்தது. சுமார் 4 கிலோமீட்டர் சுற்று. நெடுகப் பாறை, வேர், செங்குத்து ஏற்றம். அதில் பலர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஸ்விட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். அடுத்து வந்த ஸினா ஃப்ரைக்கும் அவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மூன்றாவது லிண்டா இண்டெர்கான்ட். மூன்று பதக்கமும் ஒரே நாட்டுக்கு.

நான் அன்று கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் வெளிப்பக்கம் திரும்புகிறது, ஷூ பெடலிலிருந்து கழல்கிறது, ஈரப் பாறையில் ஊன்றுகிறது, ஏழெட்டு எட்டு ஓடுகிறது, மறுபடி ‘டக்’கென்று மாட்டிக்கொள்கிறது. சிலருக்கு அந்த ‘டக்’ உடனே கேட்கும். சிலர் பெடலைக் காலால் துழாவிக்கொண்டே நிற்பார்கள். முன்னால் போகிறவர் அதற்குள் அடுத்த வளைவில் மறைந்திருப்பார்.

பெடலும் ஷூவும் வாங்குகிறவர்கள் மிதிக்கிற நேரத்தை நினைத்தே வாங்குகிறார்கள். இந்தப் பந்தயத்தில் சோதனை வருவது மிதிக்காத நேரத்தில்.

மாட்டுகிற பெடலுக்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர் வந்தது ஒரு வேடிக்கை. பழைய காலத்து ‘டோ கிளிப்’ கூண்டையும் வாரையும் எடுத்துவிட்டதால் அது ‘கிளிப் இல்லாதது’ ஆயிற்று. 1985 டூர் டி ஃபிரான்ஸை பெர்னார் ஈனோ லுக் நிறுவனத்தின் மாட்டும் பெடல்களில் வென்ற பிறகு சாலைப் பந்தயக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டான கிளீட், சாலை ஷூவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும். நடந்தால் வாத்து நடைதான். 1990இல் ஷிமானோ கொண்டுவந்த எஸ்பிடி, இரண்டு போல்ட்டில் நிற்கும் சின்ன இரும்புக் கிளீட்டை ரப்பர் அடிக்குள் பள்ளமாகப் பதித்தது. மலைக்காரன் மனுஷனாக நடக்க முடிந்தது.

மாட்டிக்கொண்டால் பெடலை மேலே இழுத்தும் சக்தி பெறலாம் என்று கடைக்காரர் சொல்வார். பாதிக்கு மேல் கதை. சீரான வேகத்தில் ஓட்டும்போது தேர்ந்த வீரர்கள்கூட மேலே இழுப்பதில்லை. சக்தி வருவது கீழே அழுத்துவதில்தான். வேண்டுமென்றே இழுக்கச் சொல்லிச் சோதித்தபோது அதே வேகத்துக்கு உடல் கூடுதலாகவே செலவழித்தது. அப்படியானால் கிராஸ் கன்ட்ரியில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏன் மாட்டுகிறார்கள்? கரடுமுரடில் சைக்கிள் துள்ளும்போது பாதம் இடம் மாறாமல் இருக்க. எழுந்து நின்று விரட்டும்போது வழுக்காமல் இருக்க. அவ்வளவுதான். மாட்டாமல் மிதிக்கும் ஃபிளாட் பெடலை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எண்டியூரோ உலகத் தொடரை வென்றது பின்கள் துருத்திய ஃபிளாட் பெடலில்தான். இறக்கத்தில் அவர் குதிகாலைத் தாழ்த்தி நிற்கிற நிலைதான் அவருக்குப் பசை.

சரி, மாட்டுவது என்று முடிவாகிவிட்டது. எதை? எஸ்பிடியில் மாட்ட இரண்டு பக்கம், கிராங்க்பிரதர்ஸ் எக்பீட்டரில் நான்கு. முட்டை அடிக்கும் கரண்டி மாதிரி இருக்கும் எக்பீட்டரில் சேறு தங்க இடமே இல்லை. சேற்று நாளில் அது ராஜா. ஆனால் பித்தளைக் கிளீட் சீக்கிரம் தேயும், ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றவும் வழியில்லை. எஸ்பிடியில் ஒரு சின்ன அலன் கீ போதும். தளர்வாகத் தொடங்கி, பழகப் பழக இறுக்கலாம். காய்ந்த மண்ணிலேயே பெரும்பாலும் ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு எஸ்பிடிக்கே. எடையைக் காட்டி விலையுயர்ந்த மாடலைத் தலையில் கட்டுவார்கள். ஜோடி எடையில் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் எம்9100 சுமார் 310 கிராம், அடிமட்ட எம்520 சுமார் 380. எழுபது கிராமுக்காகப் பல மடங்கு விலை. துழாவும் காலுக்கு அந்த எழுபது கிராம் எதுவும் செய்யாது.

எஸ்பிடி கிளீட்டில் கவனம் வேண்டும். எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 பல திசைகளில் விடும். புதியவர் முதல் மாதங்களில் எஸ்எச்56 போடட்டும். சிக்னலில் நின்றபடியே மெதுவாகச் சாய்ந்து விழும் அவமானத்தை நானும் பட்டிருக்கிறேன். பழகிய பிறகு மாற்றிவிட வேண்டும். பாறையில் பின்சக்கரத்தைத் தூக்குகிற நேரத்தில் கால் தானாகக் கழன்றால் இன்னும் மோசமாக விழ வேண்டியதுதான்.

ஷூவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கையில் எடுத்து வளைத்துப் பார்க்கிறோம், வளையாவிட்டால் உசத்தி என்கிறோம். முழுக் கார்பன் அடி மிதிக்க அருமைதான். அதன் மேல் நல்ல ரப்பர் இல்லையென்றால் ஈரப் பாறையில் சோப்பு. அடியின் நடுப்பகுதியைப் பாருங்கள். கிளீட் மாட்டாமல் அவசரத்தில் மிதிக்கும்போது பெடல் படுவது அங்கேதான். பல ஷூக்களில் அந்த இடம் வழவழ பிளாஸ்டிக். முனையில் ஸ்டட் பொருத்தத் துளை இருந்தால் சேற்று ஏற்றத்தில் ஓட உதவும். இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. குதிகால் பிடிப்பு தளர்ந்திருந்தால் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். கழற்றத் திருப்பும்போது பாதம் ஷூவுக்குள்ளேயே சுழலும், ஷூ பெடலிலேயே நிற்கும்.

செருப்பிலேயே வளர்ந்து விரல்கள் விரிந்த பாதத்துக்கு ஐரோப்பிய அச்சு பல சமயம் குறுகலாக இருக்கும். அகல அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கடையின் படிக்கட்டை முன்பாதத்தால் ஓடி ஏறுங்கள். குதிகால் எழும்புகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.