நார்கோஸ் தொடரும் கொலம்பியச் செவியும்

கொலம்பியாவின் போதைப்பொருள் வணிகத்தைக் கருவாகக் கொண்ட ‘நார்கோஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் 2015 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தால் பல நாடுகளில் ஒரே நாளில் வெளியிடப்பெற்றது. அதன் முதலிரு பருவங்கள் மெதெயின் நகரத்துப் பாப்லோ எஸ்கோபாரின் எழுச்சியையும், 1993 டிசம்பர் 2 அன்று அவன் சுட்டுக் கொல்லப்பட்டதையும் காட்டுகின்றன. 2017இல் வந்த மூன்றாம் பருவம் காலி நகரத்துக் கும்பலின் கதையாகும். எஸ்கோபாராக நடித்த பிரேசில் நடிகர் வாக்னர் மௌரா, 2016இல் கோல்டன் குளோப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதே நடிப்பைக் கொலம்பியப் பார்வையாளர் பலர் காதால் கேட்கச் சகிக்கவில்லை என்றனர். துணைத்தலைப்பைப் படித்துக்கொண்டு பார்த்தவர்க்கு உயர்ந்ததாகத் தோன்றிய நடிப்பு, மொழியைக் கேட்டுக்கொண்டு பார்த்தவர்க்கு உறுத்தியது. ஒரே பொருளின்மீது இரு புலன்கள் வழங்கிய இருவேறு தீர்ப்புகளாக இவற்றைக் கொள்ளலாம்.

உச்சரிப்பைப் பற்றிய இம்முறையீட்டை ஊர்ப்பற்று என்றோ, சிறு குற்றம் பாராட்டல் என்றோ ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கொலம்பியர் குறைகூறியது ஒலியை. ஆயின் அவர்கள் வினவியது இத்தொடர் யாருக்காகச் சாட்சி சொல்கிறது என்பதை.

முதற்கண் நடிகர்களின் நாட்டு வரிசையை நோக்குவோம். எஸ்கோபாரின் தாயாக நடித்த பவுலினா கார்சியா சிலி நாட்டவர். மனைவியாக நடித்த பவுலினா கைத்தான் மெக்சிகோ நாட்டவர். கொலம்பியரான ஹுவான் பாப்லோ ராபா, எஸ்கோபாரின் உறவினன் குஸ்தாவோவாக வருகிறார். கும்பலின் மற்றொரு தலைவனான ரோத்ரிகெஸ் காச்சாவாகப் புவெர்த்தோ ரிக்கோவில் பிறந்த லூயிஸ் குஸ்மான் நடித்தார். ஆகவே ஒரே வீட்டில், ஒரே மேசையில், சிலி நாட்டுத் தாயும் பிரேசில் நாட்டு மகனும் மெக்சிகோ நாட்டு மருமகளும் அமர்ந்து, தாங்கள் ஆந்தியோகியா மலைநாட்டில் பிறந்து வளர்ந்தோராகப் பேசுகின்றனர். தமிழ் வாசகர்க்கு இதனை உணர்த்த ஓர் ஒப்புமை கூறலாம். நெல்லைச் சீமையில் நிகழும் ஒரு கதையில் தாய் யாழ்ப்பாணத் தமிழும், மருமகள் கொங்குத் தமிழும், அண்மையில் தமிழ் பயின்ற மலையாளியான மகன் தன் தாய்மொழி இழையோடும் தமிழும் பேசினால் எவ்வாறிருக்கும்? சொற்கள் யாவும் விளங்கும். குடும்பம்தான் குடும்பமாக இராது.

மூன்றாம் பருவத்தில் நிலைமை இன்னும் விநோதமானது. காலிக் கும்பலின் தலைவர் நால்வருள் கில்பெர்த்தோ, மிகேல் இருவரும் உடன்பிறந்தோர். கில்பெர்த்தோவாக மெக்சிகோவின் தாமியான் அல்காசரும், மிகேலாக வெனிசுவேலாவின் பிரான்சிஸ்கோ தெனிசும் நடித்தனர். எஞ்சிய இருவரில் ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர். மற்றவர் போர்ச்சுக்கல் நாட்டவர். சொல்லிறுதி னகர ஒலியை மகரமாக ஒலிப்பது காலிப் பேச்சின் பெயர்பெற்ற அடையாளம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு நாட்டுச் சாயலில் உரையாடுகையில், அவ்வூர்க் காது முதலில் தேடுவது அவ்வடையாளத்தைத்தான்.

நடிகர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. மௌரா ஸ்பானிய மொழி அறியாதவராக இருந்து, படப்பிடிப்பிற்கு முன்னரே மெதெயின் சென்று தங்கி, அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் அம்மொழியைப் பயின்றார். அவருடைய முயற்சி போற்றத்தக்கது. எனினும் மலையாளி தமிழ் பேசும்போது நேர்வது போலவே, போர்த்துகீசியம் பேசுவோர்க்கு ஸ்பானியத்தின் அண்மையே தடையாகிறது. ஸ்பானியத்தில் ஐந்தே உயிரொலிகள். அவை அழுத்தம் பெறினும் பெறாவிடினும் ஏறத்தாழ மாறாது ஒலிப்பன. போர்த்துகீசியத்திலோ உயிர்கள் மூக்கினச் சாயல் பெறும். அழுத்தம் பெறாவிடத்துக் குறுகும். முற்றிலும் அயலான மொழியைக் கற்பவன் எச்சரிக்கையோடு ஒலிக்கிறான். அண்டை மொழியைக் கற்பவன் தான் ஏற்கெனவே அறிந்தது போன்ற மயக்கத்தில் நழுவுகிறான்.

ஆந்தியோகியா வட்டாரத்தாரும் அவர்தம் வழக்கும் ‘பைசா’ எனப்படும். (நம் நாணயப் பெயரோடு இதற்குத் தொடர்பில்லை, ‘ஓரூரார்’ எனப் பொருள்படும் ‘பைசானோ’ என்பதன் குறுக்கம்.) இவ்வழக்கிற்கு எடுப்பான இசையேற்ற இறக்கம் உண்டு. சகர உரசொலியை நாநுனியை உயர்த்தி ஒலிப்பதும் இதன் தனித்தன்மை; வட ஸ்பெயினின் சகரத்தை ஒத்த இவ்வொலியை அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய வழக்குகள் பலவற்றில் காண இயலாது. ஆயினும் நமக்கு மிகுதியும் பயன்படுவது முன்னிலைப் பெயர்களின் ஆட்சி. ‘தூ’, ‘வோஸ்’, ‘உஸ்தெத்’ என மூன்று ஒருமைப் பெயர்கள் அங்கு வழங்குகின்றன. பாடநூல்கள் ‘தூ’ என்பதை நெருக்கத்திற்கும் ‘உஸ்தெத்’ என்பதை மதிப்பிற்கும் உரியவையாகக் கூறும். மெதெயினிலோ நண்பர்க்கிடையே ‘வோஸ்’ வழங்கும். தாய் மகனையும் கணவன் மனைவியையும் ‘உஸ்தெத்’ என அழைப்பதுண்டு. அதில் விலக்கம் இல்லை. ‘வோஸ்’ ஒரு காலத்தில் பன்மையாகவும் உயர்வு ஒருமையாகவும் இருந்து, பின்னர் ஒத்தார்க்குரியதாக இறங்கிய சொல். பன்மையாயிருந்து உயர்வு ஒருமையாகி, நெல்லை வழக்கில் ஒத்தார்க்கிடையே நிற்கும் நம் ‘நீர்’ அதற்கு நெருங்கிய இணை. கொலை செய்ய ஆணையிடுபவன் அதனை ‘வோஸ்’ என்று நட்புரிமையோடு சொல்கிறானா, ‘உஸ்தெத்’ என்று குடும்பப் பாங்கில் சொல்கிறானா என்பது பாத்திரத்தின் உயிர்நிலை. துணைத்தலைப்பில் அது முழுவதும் மறைந்து விடுகிறது.

இதனோடு ‘பார்லாச்சே’ என்னும் குழூஉக்குறி வழக்கும் சேர்கிறது. மெதெயினின் ஏழைக் குடியிருப்புகளில் 1980களில் தோன்றிப் பரவிய இதனை ஆந்தியோகியா பல்கலைக்கழக ஆய்வாளர்களான லூஸ் ஸ்தெல்லா காஸ்தன்யேதா, ஹோசே இக்னாசியோ எனாவோ ஆகிய இருவரும் ஆராய்ந்து 2006இல் அகராதியாகவும் தொகுத்தனர். கூட்டாளியைக் குறிக்கும் ‘பார்செரோ’ என்னும் சொல் இதில் மிகப் புகழ்பெற்றது. அது போர்த்துகீசிய ‘பார்சேய்ரோ’விலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மௌராவின் வாயில் அச்சொல் தாய்வீடு திரும்புகிறது எனலாம்!

இங்கு ஒரு மறுப்பு எழும். நாடகத்திலும் திரையிலும் அயலார் அயலாராக நடிப்பது மரபு. பார்வையாளர் அதனை ஏற்றுக்கொண்டே அமர்கின்றனர். இத்தொடருக்கு மட்டும் ஏன் அச்சலுகை மறுக்கப்படவேண்டும்? மறுப்பு வலுவானது. பிறந்த ஊரே அளவுகோல் என்றால், 2012இல் கொலம்பியாவின் கராகோல் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘எஸ்கோபார்: தீமையின் தலைவன்’ என்னும் பொருள்படும் தொடரில் எஸ்கோபாராக நடித்த ஆந்த்ரேஸ் பார்ராவும் மெதெயின்காரர் அல்லர், அவர் காலியில் பிறந்தவர். அவருடைய பேச்சைக் கொலம்பியர் ஏற்றுக்கொண்டனர். எனவே முறையீடு பிறப்பைப் பற்றியதன்று.

விடை தொடரின் அமைப்பிலேயே உள்ளது. ‘நார்கோஸ்’ தன்னைக் கற்பனையென ஒப்புக்கொண்டு ஒதுங்கி நிற்கவில்லை. நடிப்புக் காட்சிகளுக்கிடையே அக்காலச் செய்திப் படச்சுருள்களை அது இடைவிடாது செருகுகிறது. 1984இல் கொல்லப்பட்ட நீதியமைச்சர் லாரா போனில்யா, 1989இல் மேடையில் சுடப்பட்ட அதிபர் வேட்பாளர் கலான், அதே ஆண்டு நவம்பரில் நடுவானில் வெடித்து 107 பேருடன் வீழ்ந்த அவியாங்கா விமானம் ஆகியன கொலம்பியர் நினைவில் குரல்களோடும் வானொலி அறிவிப்புகளோடும் பதிந்தவை. மெய்யான படச்சுருளை அடுத்து ஒட்டவைத்த ஒலி வரும்போது, தையல் அவிழ்ந்து தெரிகிறது. உண்மைக்குச் சான்று காட்ட முற்பட்ட படைப்பு, சான்றுக்குரிய நெறியாலேயே அளக்கப்படும். (தொடரின் முகப்புப் பாடலை இயற்றிப் பாடியவரும் பிரேசில் நாட்டவரான ரோத்ரிகோ அமராந்தேதான். அப்பாடலின் உச்சரிப்பைப் பற்றிய முறையீடு எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. பாடல் எதற்கும் சாட்சியாக வரவில்லையன்றோ!)

கராகோல் தொடரின் தயாரிப்பாளர் இருவரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காமிலோ கானோ, 1986இல் கொலையுண்ட ‘எல் எஸ்பெக்தாதோர்’ நாளிதழ் ஆசிரியர் கில்யெர்மோ கானோவின் மகன். ஹுவானா உரிபே, கலானின் உறவினர். அத்தொடரில் இறப்பவர்க்கு ஊரும் பேச்சும் உண்டு. ஆயினும் அதனை அப்பழுக்கற்றதாகக் கொள்ளவும் இயலாது. பார்ராவின் பேச்சு உயிர்ப்புடையதாக இருந்தமையாலேயே எஸ்கோபார் வீட்டு வரவேற்பறைக்கு வந்த விருந்தாளியானான். கொடியவனை இனியவனாக்கியது என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. வழக்கு மொழியின் துல்லியம் அறத்திற்கு உறுதி அளிப்பதில்லை. இரண்டையும் எடைபோடுகையில் நான் கராகோல் தொடரின் பக்கமே சாய்கிறேன். அதன் பிழை தன் மக்களிடம் பேசும்போது நேர்ந்த பிழை. ‘நார்கோஸ்’ அம்மக்களைப் பற்றிப் பிறரிடம் பேசியது.

இதற்குத் தெளிவான சான்று அதன் கதைகூறும் குரல். உரையாடலின் பெரும்பகுதி ஸ்பானியத்தில் நிகழ, முதலிரு பருவங்களில் நிகழ்ச்சிகளை விளக்கும் பொறுப்பு ஸ்டீவ் மர்ஃபி என்னும் அமெரிக்க அலுவலரின் ஆங்கிலக் குரலுக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஒரு மொழியில் மக்கள் சுடுகின்றனர், அழுகின்றனர், ஏசுகின்றனர். காரண காரியம் கூறுவது மற்றொரு மொழி. தொடர் இவ்வளவு ஸ்பானியத்தை அமெரிக்க இல்லங்களுக்குள் கொண்டுசென்றதைப் பாராட்டியோர் இப்பங்கீட்டையும் கருதியிருக்க வேண்டும். மேலும், கொலம்பியாவில் மாய யதார்த்தவாதம் பிறந்ததற்குக் காரணம் உண்டு என்னும் பொருளில் தொடர் தொடங்குகிறது. அத்தொடரை 1925இல் ஓவியம் பற்றிய நூலில் ஆண்டவர் பிரான்ஸ் ரோ என்னும் ஜெர்மானியர்!

மொழிபெயர்ப்பாளர்க்குரிய சில இடங்களை இனி நோக்கலாம். தொடரால் உலகப் புகழ்பெற்ற ‘பிளாட்டா ஓ பிளோமோ’ என்னும் மிரட்டலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வெள்ளியா, ஈயமா’ என்றாகும். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்தில் ‘பிளாட்டா’ என்பது பணத்தையே குறிக்கும். ‘பிளோமோ’ துப்பாக்கிக் குண்டு. முதலொலி ஒன்றிய இரு உலோகங்களில் ஒன்றைத் தேர்க என்பது அதன் கொடிய நயம். தமிழில் ‘பணமா, பிணமா’ என்பது உடனே நாவில் வரும். எதுகையும் மோனையும் அமைந்தமையால் கவர்ச்சியானது. ஆயின் மூலத்தில் பிணம் இல்லை. தருவதற்கு இரு பொருள்களே உள்ளன, முடிவு சொல்லப்படாமல் நிற்கிறது. தமிழ்த் தொடர் முடிவைச் சொல்லிவிடுகிறது. அன்றியும், பணமென்றால் பிணமும் வாய்திறக்கும் என்னும் நம் பழமொழி குறுக்கே வந்து, மிரட்டலைப் பேராசை பற்றிய நகையாக்குகிறது. ‘காசா, குண்டா’ என்பது ஓசையில் தாழ்ந்ததாயினும் பொருளில் நேர்மையானது என்பேன்.

ஒரு சொல் எல்லை கடக்கையில் நேர்வதற்கு மற்றொரு சான்று. 2016 டிசம்பரில் மாத்ரித் நகரின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் எஸ்கோபார் வேடத்து மௌராவின் படத்தோடு, வெண்ணிறக் கிறித்துமஸ் எனப் பொருள்படும் விளம்பரம் பெரிய அளவில் வைக்கப்பட்டது. ‘வெள்ளை’ என்பது பனியையும் கோக்கெய்னையும் ஒருசேரக் குறித்தது. அதனை அகற்றுமாறு கொலம்பிய அரசு கேட்டுக்கொண்டது. மொழி ஒன்றே; சொல் ஒன்றே. பனிக்குப் பழகிய நகரத்தில் சிலேடையாக இருந்தது, பிணங்களை எண்ணிய நாட்டில் சிலேடையாக இல்லை.

தமிழில் இத்தொடரைப் பெயர்க்க முனைவோர்க்கு மூலத்தில் இல்லாத ஓர் இடரும் உண்டு. ஸ்பானியப் படர்க்கை ஆண்பாற் பெயரும் ஆங்கிலத்ததும் மதிப்பைக் குறிப்பதில்லை. தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ என்பவற்றுள் ஒன்றை முதல் வாக்கியத்திலேயே தேர்ந்தாக வேண்டும். இக்கட்டுரையில் ‘அவன்’ என்றே எழுதியுள்ளேன். மர்ஃபியின் வாயிலும் அதுவே பொருந்தும். ஆனால் குப்பைமேட்டில் குடியிருந்தோர்க்கு எஸ்கோபார் கட்டித்தந்த நூற்றுக்கணக்கான வீடுகள் மெதெயினில் இன்றும் அவன் பெயரால் ஒரு குடியிருப்பாக விளங்குகின்றன. அங்கு வாழ்வோர் ‘தோன் பாப்லோ’ எனும்போது ‘அவர்’ என்றுதான் பெயர்க்க வேண்டும். அதே தெருவில் மகனை இழந்த ஒரு தாய் பேச நேர்ந்தால் ‘அவன்’ வரும். சில வேளை அஞ்சி ‘அவர்’ என்றும் வரும். எது வரும் என்பதைத் துணைத்தலைப்பைப் பார்த்து முடிவு செய்ய இயலாது; அவள் பேசும் ஒலியைக் கேட்டாக வேண்டும்.