சகாகுச்சியின் கட்டுரைப் பட்டியல்

நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவர் வேலை கேட்டாலும், பதவி உயர்வு கேட்டாலும், ஆய்வுக்கு நிதி கேட்டாலும் முதலில் புரட்டப்படுவது அவருடைய கட்டுரைப் பட்டியல்தான். எத்தனை கட்டுரை, எந்த ஆய்விதழில், எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்ததும் ஆளை எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள். பட்டியலைப் பார்ப்பதில் தவறில்லை. அதை எண்ணிவிட்டு, படித்ததாக நினைத்துக்கொள்வதில்தான் தவறு. 2025-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சியின் பட்டியலை வைத்துக்கொண்டு இதைப் பேசலாம்.

கதை அவருக்கு முன்பே தொடங்குகிறது. நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் வளர்ந்து தேறும் இடம் தைமஸ் சுரப்பி. பிறந்து மூன்று நாள் ஆன சுண்டெலியிடமிருந்து அதை எடுத்துவிட்டால் எதிர்ப்பாற்றல் குறைய வேண்டும். ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது: அந்த எலிகளின் சினைப்பைகள் அழிந்துபோயின. உடலைக் காக்க வேண்டிய படை உடலையே தாக்கியது. அப்படியானால், தைமஸிலிருந்து வரும் செல்களில் ஏதோ ஒரு வகை மற்ற செல்களைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அது எது? இளம் சகாகுச்சி இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1982-இல் வெளியான கட்டுரையில், ஆரோக்கியமான எலிகளின் டி செல்களைச் செலுத்தினால் அந்த நோய் வராமல் தடுக்கலாம் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். 1985-இல் மறுபடி அதே கேள்வி, செல்களின் மேற்பரப்பு அடையாளங்களைக் கொண்டு இன்னும் கூர்மையாக.

அதே காலத்தில் பக்கத்துத் தெருவில் பெரிய திருவிழா நடந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட் கெர்ஷன் 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்த ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்தைப் பின்பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. ஒரு செல் இன்னொன்றைத் தூண்ட, அது மூன்றாவதை அடக்க என்று வரைபடங்கள் நீண்டன. இந்தச் செல்களுக்கு உரிய ‘ஐ-ஜே’ என்ற அடையாளத்தின் மரபணு எலியின் மரபுத்தொகுதியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்றார்கள். 1983-இல் அந்த இடத்தை மூலக்கூறு அளவில் அலசியபோது அப்படியொரு மரபணு அங்கே இல்லை. துறையே சரிந்தது. ‘அடக்கும்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்கவே ஆய்வாளர்கள் தயங்கினார்கள். 1980-இல் ஒரு தேர்வுக் குழு பட்டியல்களை எண்ணிப் பார்த்திருந்தால் இந்தத் துறையினர்தான் முன்னால் நின்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் பட்டியலின் பலமும் இதே நிகழ்விலேயே இருக்கிறது. ‘ஐ-ஜே’ எங்கே இருக்கிறது என்று அச்சில் ஏற்றியதால்தான் அங்கே போய்த் தேட முடிந்தது. ஆய்வகத்துக்குள் வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் அந்தப் பிழை இன்னும் பல காலம் உயிரோடு இருந்திருக்கும். இன்னொரு நன்மையையும் மறக்கக் கூடாது. பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாதவரின் கையில் உள்ள ஒரே சாட்சி அவருடைய கட்டுரைதான். பட்டியலே வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாக எதை வைப்பார்கள்? பெரும்பாலும் தெரிந்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தைத்தான் வைக்க முடியும். அது இதைவிட அநியாயம்.

சகாகுச்சியின் பட்டியலில் நான் நின்று படிக்கும் வரி 1995. பகட்டான பெயர் கொண்ட இதழ் எதிலும் அது வரவில்லை. அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் இதழில் வந்தது. பரிசோதனை எளிமையானது. எலியின் டி செல்களில் சிடி25 என்ற அடையாளம் தாங்கிய சிறு பங்கை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார்கள். தைராய்டு, இரைப்பை, சினைப்பை என்று உறுப்பு உறுப்பாகத் தன்னெதிர்ப்பு நோய் கண்டது. நீக்கிய செல்களையும் திருப்பிச் செலுத்தினால் நோய் வரவில்லை. இந்தக் கட்டுரையின் உண்மையான மதிப்பு, நம்பாதவர் கையில் அது ஒரு கருவியைக் கொடுத்ததில் இருக்கிறது. சிடி25-க்கான எதிரணு இருந்தால் எந்த ஆய்வகமும் செய்து பார்க்கலாம். இந்த வகை ஆய்வுகளைச் சந்தேகத்தோடு பார்த்த ஈதன் ஷெவாக்கே தன் ஆய்வகத்தில் செய்து பார்த்து, 1998-இல் கண்ணாடிக் குடுவைக்குள்ளும் அந்தச் செல்கள் மற்றவற்றைக் கட்டுப்படுத்துவதைக் காட்டினார். குறையும் இருந்தது. தூண்டப்பட்ட சாதாரண டி செல்களும் சிடி25-ஐத் தாங்கும். ஆகவே அந்த அடையாளம் மட்டும் போதவில்லை.

இப்படிப்பட்ட உழைப்பை நம் அளவுகோல்கள் எப்படி அளக்கின்றன? இதழ்களுக்கான தாக்கக் குறியீடு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைத்தான் கணக்கெடுக்கிறது. சகாகுச்சியின் 1982-க்கும் 1995-க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். ஹிர்ஷ் 2005-இல் தந்த எச்-குறியீட்டிலோ, ஐந்து கட்டுரை எழுதியவர் உலகையே புரட்டினாலும் ஐந்தைத் தாண்ட முடியாது. இதில் எனக்குக் கோபமே வருகிறது. கோழிக் குஞ்சின் ஃபாப்ரீசியஸ் பையை எடுத்துவிட்டால் எதிரணு உருவாவதில்லை என்ற புரூஸ் கிளிக்கின் கட்டுரை 1956-இல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழில்தான் வந்தது. எதிரணுவை உருவாக்கும் பி செல்லின் ‘பி’ அந்தப் பையிலிருந்து வந்த எழுத்து. இதழின் பெயரைப் பார்த்து எடைபோடுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்.

யாருக்கு எவ்வளவு பெருமை என்பதையும் எண்ணிக்கை சொல்லாது. மற்றவற்றைக் கட்டுப்படுத்தும் அந்த டி செல்களை உருவாக்கி நடத்துவது ஃபாக்ஸ்பி3 மரபணு என்று 2003-இல் சகாகுச்சி, ருடென்ஸ்கி, ராம்ஸ்டெல் ஆகியோரின் மூன்று குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. 2017-இல் கிராஃபோர்ட் பரிசு இந்த மூவருக்கும் போனது. 2025 நோபலில் ருடென்ஸ்கியின் இடத்தில் மேரி பிரன்கோவ் இருந்தார். இரண்டு பரிசுக் குழுக்களும் ஒரே கட்டுரைகளைத்தான் படித்தன.

பிரன்கோவின் பட்டியல் நீளமானதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, ராம்ஸ்டெலோடு சேர்ந்து ‘ஸ்கர்ஃபி’ எலிகளின் நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடினார். தோல் செதில் செதிலாக உரிந்து, ஆண் குட்டிகள் சில வாரங்களில் செத்துப்போகும் எலி வகை அது. எக்ஸ் குரோமோசோமில் தேட வேண்டிய பகுதியைச் சுருக்கிச் சுருக்கி இருபது மரபணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக, நலமான எலியின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். இருபதாவதில் பிழை இருந்தது. அதுதான் ஃபாக்ஸ்பி3. 2001-இல் அந்தக் கண்டுபிடிப்பு கட்டுரையானது. ஒரு குறையும் இல்லை என்று பார்த்து ஒதுக்கிய பத்தொன்பது மரபணுக்களுக்கு, அவருடைய பட்டியலில் தனி வரி கிடையாது.