90 அடி தூரத்துக் கணக்கு

2014-ஆம் ஆண்டு அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் மிகக் குறைந்த ஹோம் ரன் அடித்த அணி கான்சஸ் சிட்டி ராயல்ஸ். 162 ஆட்டங்களில் வெறும் 95. பேஸ் திருட்டுகளில் முதலிடம் பிடித்ததும் அதே அணிதான், எண்ணிக்கை 153. பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பத் தெரியாத இந்த அணி, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்துவரை போராடி, ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் கோப்பையைத் தவறவிட்டது.

அந்தப் பருவத்தை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் துணிச்சலையும் பாராட்டுகிறார்கள். பாராட்டு சரிதான், ஆனால் பாதிதான். கால் வேகமுள்ள வீரர்கள் எல்லா அணிகளிலும் இருந்தார்கள். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது, யாருக்கு எதிராக ஓடுவது என்ற கணக்கு ராயல்ஸிடம் இருந்தது. அந்த ஆண்டின் வெற்றிகளை மட்டுமல்ல, கடைசித் தோல்வியையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பேஸ்பாலைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான்கு பேஸ்கள் சதுரமாக அமைந்திருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. மூன்றையும் கடந்து நான்காவதான ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். ஒரு பேஸில் நிற்பவர், மட்டையாளர் பந்தை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிட்சரின் அசைவைக் கணித்து அடுத்த பேஸுக்குப் பாய்ந்துவிடலாம். கேட்சர் எறியும் பந்து முந்தினால் அவுட். கால் முந்தினால் அதுதான் திருட்டு. ஓர் அணிக்கு ஒரு இன்னிங்ஸில் மூன்றே அவுட்கள் என்பதால், பிடிபட்டால் இழப்பு பெரிது. 2014-இல் ராயல்ஸ் ஏறத்தாழ ஐந்து முயற்சிக்கு நான்கு என்ற விகிதத்தில் தப்பிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓடும் அணிக்கு அந்த விகிதம் கிடைக்காது.

மைதானத்துக்கேற்ற அணி

1985-இல் உலகத் தொடரை வென்றபின் ராயல்ஸ் 28 பருவங்கள் பிளேஆஃப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. 2002 முதல் 2006 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நான்கில், 100 ஆட்டங்களோ அதற்கு மேலோ தோற்றது. 2006-இல் பொது மேலாளராக வந்த டேட்டன் மூரிடம் நியூயார்க், பாஸ்டன் அணிகளின் பணம் இல்லை. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதே அவருக்கிருந்த வழி. எரிக் ஹோஸ்மர், மைக் மொஸ்டாகஸ் இருவரும் ஆட்சேர்ப்பின் முதல் சுற்றில் வந்தவர்கள். கேட்சர் சால்வடோர் பெரெஸ் வெனிசுவேலாவிலிருந்தும், பிட்சர்கள் யோர்டானோ வெஞ்சுரா, கெல்வின் ஹெரேரா இருவரும் டொமினிகன் குடியரசிலிருந்தும் சிறுவயதிலேயே கண்டெடுக்கப்பட்டவர்கள்.

இரண்டு பரிமாற்றங்கள் மீதி வேலையைச் செய்தன. 2010 டிசம்பரில் நட்சத்திர பிட்சர் ஸாக் கிரெயின்கியைக் கொடுத்து லொரென்சோ கெய்ன், அல்சிடெஸ் எஸ்கோபார் உள்ளிட்டோரைப் பெற்றார் மூர். 2012 டிசம்பரில், மிகப் பெரிய எதிர்காலம் உள்ளவர் என்று பேசப்பட்ட வில் மையர்ஸைக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் வாங்கினார். மறு ஆண்டே மையர்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றபோது மூர் மீது விழுந்த விமர்சனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் கான்சஸ் சிட்டியின் காஃப்மன் மைதானத்தைப் பார்த்தால் மூரின் மனக்கணக்கு புரியும். அதன் வெளிக்களம் பரந்தது. அங்கே ஹோம் ரன் அடிப்பது கடினம். அந்தப் பரப்பைக் காப்பது அதைவிடக் கடினம். இடப்பக்கம் அலெக்ஸ் கோர்டன், நடுவில் கெய்ன், கடைசி இன்னிங்ஸ்களில் கூடுதல் காவலாக ஜாரட் டைசன் என்று ஓடிப் பிடிப்பவர்களை நிறுத்தினால், பிற மைதானங்களில் தரையில் விழும் பந்துகள் இங்கே கையுறைக்குள் விழும். ராயல்ஸ் அடிக்காமல் விட்ட ரன்களை எதிரணிக்கும் கொடுக்காமல் ஈடுகட்டியது.

அதற்கும் மேலே ஒரு பூட்டு இருந்தது: கடைசி மூன்று இன்னிங்ஸ்கள். கிரிக்கெட்டில் இறுதி ஓவர்களுக்கென்றே ஒதுக்கிவைக்கும் பந்துவீச்சாளர்களைப் போல, ஏழாவது இன்னிங்ஸுக்கு ஹெரேரா, எட்டாவதற்கு டேவிஸ், ஒன்பதாவதற்கு கிரெக் ஹாலண்ட். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரியைப் பாருங்கள்: ஹெரேரா 1.41, டேவிஸ் 1.00, ஹாலண்ட் 1.44. வழக்கமான பருவம் முழுவதிலும் ஹெரேராவும் டேவிஸும் ஒரு ஹோம் ரன்கூட விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தொடக்க பிட்சராகத் தடுமாறிய டேவிஸை ஒரே ஒரு இன்னிங்ஸ் வேலைக்கு மாற்றியது அந்த அணியின் மிகச் சிறந்த முடிவு. ஆறு இன்னிங்ஸ் முடிவில் ராயல்ஸ் முன்னிலையில் இருந்தால், எதிரணிக்கு மூச்சுவிட இடமில்லை.

இவ்வளவு இருந்தும் ஜூலை 21 அன்று ராயல்ஸ் 48 வெற்றி, 50 தோல்வி என்ற நிலையில்தான் நின்றது. அதன்பின் ஆடிய 64 ஆட்டங்களில் 41 வெற்றி. 89-73 என்று பருவத்தை முடித்து, டெட்ராய்ட்டிடம் ஒரே ஒரு ஆட்டத்தில் பிரிவுப் பட்டத்தை இழந்து, வைல்டு கார்டு வழியாகப் பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

செப்டம்பர் 30 இரவு

அப்போது வைல்டு கார்டு என்றால் ஒற்றை ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. எதிரே ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ், அவர்களின் பிட்சர் ஜான் லெஸ்டர். தொடக்கத்தில் ராயல்ஸின் ஓட்டக் கணக்கு தப்பியது. முதல் இன்னிங்ஸிலேயே பில்லி பட்லர் முதல் பேஸுக்கும் இரண்டாவதற்கும் இடையே மாட்டிக்கொள்ள, மூன்றாவது பேஸிலிருந்து பாய்ந்த ஹோஸ்மர் ஹோம் பிளேட்டில் அவுட் ஆனார். ஆறாவது இன்னிங்ஸில் பயிற்சியாளர் நெட் யோஸ்ட் ஷீல்ட்ஸை எடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்புதான் தொடக்க பிட்சராக எறிந்திருந்த வெஞ்சுராவை இறக்கினார். பிராண்டன் மாஸ் அவரை மூன்று ரன் ஹோம் ரன்னுக்கு விரட்டினார். 7-3 என்று ஓக்லண்ட் முன்னிலை. மைதானத்தில் யோஸ்டுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. என் பார்வையிலும் அது பிழையான முடிவுதான்.

எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் திரும்பியது. லெஸ்டர் முதல் பேஸை நோக்கிப் பந்தை எறியத் தயங்குபவர் என்பது ராயல்ஸுக்குத் தெரியும். திருட்டைத் தடுப்பதற்கென்றே ஓக்லண்ட் களமிறக்கிய கேட்சர் ஜியோவானி சோட்டோ, முதல் இன்னிங்ஸின் அந்த ஹோம் பிளேட் மோதலில் கட்டைவிரலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். எஸ்கோபார் திருடினார். கெய்ன் திருடினார். பட்லருக்குப் பதிலாக ஓடவந்த டெரன்ஸ் கோர் திருடினார். கோர்டன் திருடினார். 7-3 என்பது 7-6 ஆனது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு ரன் பின்தங்கிய நிலை, ஒரு அவுட். இரண்டாவது பேஸில் டைசன். எறிபவர் ஷான் டூலிட்டில். டைசன் அங்கேயே நின்றிருந்தால், அவரை ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவர ஒரு நல்ல ஹிட் தேவை. மூன்றாவது பேஸில் இருந்தாலோ, வெளிக்களத்தில் ஆழமாகப் பிடிபடும் ஒரு பந்தே போதும். பிடித்த மறுகணம் ஓடிவந்துவிடலாம். பிடிபட்டால் பருவம் முடிய ஒரே அவுட்தான் மிச்சம் என்று தெரிந்தும், டூலிட்டிலின் எறியும் தாளத்தை அளந்துகொண்டு டைசன் பாய்ந்தார். தப்பினார். அடுத்து நோரி அயோகி வலப்பக்கம் ஆழமாக அடித்த பந்து பிடிபட்டது. டைசன் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஹிட் எதுவும் இல்லாமல் இரண்டாவது பேஸிலிருந்து வந்த ரன் அது. அந்தப் பருவம் முழுவதையும் ஒரே ரன்னில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

12-ஆவது இன்னிங்ஸின் மேல்பாதியில் ஓக்லண்ட் மீண்டும் 8-7 என முந்தியது. கீழ்பாதியில் ஹோஸ்மர் மூன்று பேஸ் ஹிட் அடித்தார். கிறிஸ்டியன் கோலனின் உள்களத் தட்டலில் அவர் வந்துசேர, கோலன் இரண்டாவது பேஸைத் திருடினார். அதுவரை ஐந்து முறை மட்டை பிடித்து ஒன்றும் அடிக்காத பெரெஸ், மூன்றாவது பேஸைக் காத்தவரின் நீட்டிய கைக்கு எட்டாமல் இடக்கோட்டு ஓரமாக ஒரு பந்தைத் தள்ளினார். 9-8. அன்று ராயல்ஸ் செய்த திருட்டுகள் ஏழு. செய்தவர்கள் ஏழு வெவ்வேறு வீரர்கள்.

எட்டுக்கு எட்டு

பிறகு வந்தது அந்த ஆண்டு 98 ஆட்டங்கள் வென்றிருந்த லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். முதல் ஆட்டத்தில் மொஸ்டாகஸ், இரண்டாவதில் ஹோஸ்மர், இருவரும் 11-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார்கள். மூன்று ஆட்டங்களில் தொடர் முடிந்தது. அடுத்து, லீக்கிலேயே அதிகமாக 211 ஹோம் ரன் அடித்திருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ். அவர்களை நான்கு நேர் ஆட்டங்களில் வீழ்த்தியது ராயல்ஸ். கடைசி இரண்டும் 2-1. கெய்ன் தொடர் நாயகன். பிளேஆஃபின் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற அணி அதற்கு முன் கிடையாது. மே மாதம் ஃபார்ம் இழந்து கீழ்மட்ட அணிக்கு அனுப்பப்பட்ட மொஸ்டாகஸ், அந்த பிளேஆஃபில் ஐந்து ஹோம் ரன் அடித்தார்.

உலகத் தொடரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் அவர்களின் மேடிசன் பம்கார்னரும் காத்திருந்தார்கள். முதல் ஆட்டத்தையும் ஐந்தாவது ஆட்டத்தையும் பம்கார்னர் பறித்துக்கொண்டார். ஆறாவதில் ராயல்ஸ் 10-0 என்று திருப்பிக்கொடுத்தது. அன்று ஏழு இன்னிங்ஸில் ஒரு ரன்கூட விடாதவர் அதே வெஞ்சுரா. ஓய்வில்லாமல் இறக்கியபோது உடைந்தவர், போதிய ஓய்வோடு வந்தபோது ஜயன்ட்ஸை முடக்கினார். யோஸ்டின் செப்டம்பர் 30 பிழைக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நிறுத்திய கை

அக்டோபர் 29. ஏழாவது ஆட்டம். 3-2 என ஜயன்ட்ஸ் முன்னிலை. ஹெரேரா, டேவிஸ், ஹாலண்ட் மூவரும் சேர்ந்து கடைசி ஐந்து இன்னிங்ஸில் எதிரணியை ரன் எடுக்கவிடவில்லை. பூட்டு வேலை செய்தது. ஆனால் எதிர்ப்பக்கம் இரண்டே நாள் ஓய்வில் வந்த பம்கார்னர், ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து அதைவிடப் பெரிய பூட்டைப் போட்டிருந்தார். தொடர்ந்து 14 பேரை வீழ்த்திவிட்டு, இன்னும் ஒரு அவுட் மட்டும் மிச்சம் என்ற நிலையில் கோர்டன் அடித்த பந்து இடது நடுக்களத்தில் விழுந்தது. முன்னால் ஓடிவந்த கிரெகோர் பிளாங்கோவைத் தாண்டி அது வேலிவரை உருண்டது. அங்கே ஹுவான் பெரெஸும் எடுக்கத் தடுமாறினார். கோர்டன் இரண்டாவதைக் கடந்து மூன்றாவதை நெருங்கினார். மூன்றாவது பேஸ் பயிற்சியாளர் மைக் ஜெர்ஷெலி இரு கைகளையும் உயர்த்தி அவரை நிறுத்தினார். அடுத்து வந்த சால்வடோர் பெரெஸ், உயரமாக வந்த வேகப்பந்தைக் கோட்டுக்கு வெளியே மேலே தூக்க, பாப்லோ சாண்டோவல் பிடித்தார். பருவம் முடிந்தது.

ஓடவிட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. ஏழு பேஸ் திருடிய அணி கடைசி 90 அடிக்கு ஏன் தயங்கியது என்று கேட்கிறார்கள். ஜெர்ஷெலி செய்தது சரி என்பதே என் முடிவு. கோர்டன் மூன்றாவதை அடையும்போதே பந்து பிராண்டன் கிராஃபர்டின் கையில் இருந்தது. உள்களத்தில் மிக உறுதியான எறிகை கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவர். ஒழுங்காக எறிந்திருந்தால் கோர்டன் பல அடி தூரத்தில் அவுட். இன்னொரு பக்கம், அந்தத் தொடரில் 21 இன்னிங்ஸ் எறிந்த பம்கார்னர் விட்ட ஒரே ரன், முதல் ஆட்டத்தில் இதே பெரெஸ் அடித்த ஹோம் ரன்தான். எதிரி தவறாக எறிவார் என்று நம்புவதைவிட, நம் மட்டையாளர் அடிப்பார் என்று நம்புவதற்கே அந்தக் கணத்தில் ஆதாரம் அதிகம். டைசன் ஓடியதும் கோர்டன் நின்றதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். விடை பலிக்கவில்லை என்பதற்காகக் கணக்கைக் குறைசொல்ல முடியாது.

இதற்குச் சான்று மறு ஆண்டே கிடைத்தது. 2015 நவம்பர் 1, நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-1 எனப் பின்தங்கிய நிலை, மூன்றாவது பேஸில் ஹோஸ்மர். பெரெஸ் தட்டிய பந்தை டேவிட் ரைட் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்த கணத்தில் ஹோஸ்மர் ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்தார். முதல் பேஸில் அதைப் பிடித்த லூகஸ் டூடா ஹோம் பிளேட்டுக்கு எறிந்த எறி விலகிப்போனது, ஆட்டம் சமன். முந்தைய ஆண்டு நின்றவர்கள் இப்போது துணிந்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு வேறு மூன்று வித்தியாசங்கள் தெரிகின்றன. எறிய வேண்டியவர் கிராஃபர்ட் அல்ல, முதல் பேஸ் காப்பவர். அவர் அவசரத்தில் திரும்பி எறிய வேண்டியிருந்தது. தொடரில் 3-1 என முன்னிலையில் இருந்ததால், ஹோஸ்மர் பிடிபட்டாலும் ராயல்ஸுக்குச் சொந்த மைதானத்தில் இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சம். ஆபத்து குறைவு, வாய்ப்பு அதிகம், ஆகவே ஓட்டம். 12-ஆவது இன்னிங்ஸில் கோலனின் ஹிட் முன்னிலையைத் தர, 7-2 என்று வென்று, 30 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தூக்கியது ராயல்ஸ். பெரெஸ் தொடர் நாயகன்.

கோப்பை 2015-இல் வந்தாலும், நான் இளம் பயிற்சியாளர்களைப் பார்க்கச் சொல்வது 2014-ஐத்தான். 2023-இல் மேஜர் லீக் பேஸ்களைப் பெரிதாக்கியது. ஓட்டக்காரரைக் கட்டிப்போட பிட்சர் எறியும் எறிகளுக்கும் வரம்பு வைத்தது. அதிலிருந்து திருட்டுகள் மளமளவென்று கூடிவிட்டன. ஓடுவதற்கு இன்று விதியே துணைநிற்கிறது. ஆனால் எந்த விதியும் வீரருக்குப் பதிலாகக் கணக்குப் போட்டுத் தராது. யார் எறிகிறார், எத்தனை அவுட், பிடிபட்டால் என்ன மிஞ்சும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு ஓடிய அணி ராயல்ஸ். அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு, கோப்பைக்கு 90 அடி முன்னால் நிற்கவும் அந்த அணிக்குத் தெரிந்திருந்தது. தோற்றவர்களின் பட்டியலில் இருந்தாலும் அந்த அணிக்கு நான் முதல் வரிசையில் இடம் தருவது இதற்காகத்தான்.